அதே 55 வாட்தான், ஆனால் வெளிச்சம் வேறு: ஹெட்லைட் பல்பில் எதை வாங்குவது?

ஒரு பக்க ஹெட்லைட் போய்விட்டது என்று தெரிந்ததும் மனதில் முதலில் ஓடுவது, 'எப்படியும் மாற்றத்தானே போகிறோம், இந்தத் தடவை கொஞ்சம் நல்லதாகப் போட்டுவிடலாம்' என்பதுதான். அப்புறம் தேட ஆரம்பித்தால் தலை சுற்றும். ஒரு அட்டைப்பெட்டியில் '150 சதவீதம் கூடுதல் வெளிச்சம்' என்று போட்டிருக்கும். பக்கத்துப் பெட்டியில் 'நீண்ட ஆயுள்'. மூன்றாவதில் நீல நிறக் கார் படம், 5000 கெல்வின். நான்காவது 100/90 வாட். ஐந்தாவது, பின்னால் குட்டி ஃபேன் வைத்த எல்.இ.டி. ஐந்தும் ஒரே ஹோல்டரில் உட்காரும் என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. உட்கார்ந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

இந்த ஐந்தில் நான்கை என் காரிலேயே போட்டு ஓட்டியிருக்கிறேன். இரண்டைக் கழற்றி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்வதற்கு முன், பல்பு வாங்கும் யோசனையையே கொஞ்சம் தள்ளிப்போட வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது.

முதலில் கண்ணாடியையும் ஒயரையும் பாருங்கள்

'வெளிச்சம் பத்தவில்லை' என்று பல்பு மாற்றுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் குற்றம் பல்பில் இருக்காது என்பது என் கணிப்பு. இன்றைய ஹெட்லைட்டின் முன்மூடி கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் பூசிய பாதுகாப்புப் பூச்சு சில வருட வெயிலில் தேய்ந்து போனதும் அது மஞ்சளித்து, கண்ணில் புரை விழுந்த மாதிரி ஆகிவிடும். அதன் பின்னால் எவ்வளவு உயர்ந்த பல்பைப் போட்டாலும் ஒளி சிதறித்தான் வெளியே வரும். சாலைக்குப் போக வேண்டிய ஒளியில் ஒரு பகுதி எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகும். தண்ணீர் உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயில் தாங்கும் பூச்சு ஒன்றைக் கொடுத்தால் ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும். கடைசிப் பூச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் சில மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அடுத்தது மின்னழுத்தம். ஹாலஜன் பல்பின் ஒளி, கிடைக்கும் வோல்ட்டைப் பொறுத்து நேர்விகிதத்தில் கூடிக் குறைவதில்லை. ஏறத்தாழ 3.4 என்ற அடுக்கில் மாறும். பல்புகளின் ஒளி அளவை 13.2 வோல்ட்டில்தான் சோதித்து எழுதுகிறார்கள். பழைய காரில் எர்த் முனை துருப்பிடித்து, கனெக்டர் கறுத்து, பல்பின் முனைக்கு 12 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஒன்றே கால் வோல்ட்கூட இல்லை, அதற்கு இவ்வளவு இழப்பு. எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பல்பின் கனெக்டரிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரி முனையில் காட்டுவதற்கும் இங்கே காட்டுவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பல்புக்குச் செலவழிக்கும் முன் ஒயரிங்கைச் சரி பண்ணுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, குறி. லோ பீம், அதாவது டிம், பொதுவாகப் பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்ற அளவில் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சரியான சாய்வு எவ்வளவு என்பது பல கார்களில் ஹெட்லைட் மேலேயே அச்சிட்டிருக்கும். இது கொஞ்சம் தாழ்ந்து போயிருந்தாலும் பார்வைத் தூரம் சட்டென்று சுருங்கிவிடும். பல்பு வாங்கிய பிறகும் இதைத் திரும்பப் பார்க்கத்தான் போகிறோம்.

ஒளி எங்கே பிறக்கிறது என்பதுதான் விஷயம்

பல்புகளை ஒப்பிடும்போது எல்லாரும் லூமெனைத்தான் கேட்கிறார்கள். லூமென் என்பது மொத்தம் எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்ற கணக்கு. அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

ஹெட்லைட்டுக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டரை வடிவமைத்தவர், ஒளி ஒரு குறிப்பிட்ட புள்ளியில், சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய இழையிலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டுதான் அந்த வளைவுகளைச் செதுக்கியிருக்கிறார். எச்4 பல்பை எடுத்துப் பாருங்கள் (எச்4, எச்7, எச்11 எல்லாம் பல்பின் வகைக் குறியீடுகள்). உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். டிம்முக்கான இழையின் கீழே சின்னக் கரண்டி போல ஒரு தகடு. அந்த இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அது மறைக்கிறது. அதனால்தான் டிம்மில் எதிரே வருகிறவர் கண்ணுக்கு மேலே ஒளி ஏறாமல் ஒரு கோடு போட்ட மாதிரி நிற்கிறது. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே அந்தக் கோடு கலைந்துவிடும். ஆகவே நல்ல பல்பு என்றால் இழை எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ துல்லியமாக அந்த இடத்தில் இருக்கும் பல்பு. மலிவான, பெயர் தெரியாத பல்புகளில் ஒளி குறைவு என்பதைவிட, இரண்டு பல்பில் இழை இரண்டு இடத்தில் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த பெரிய குறை.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி ஒப்பீடு எளிது.

சாதாரண ஹாலஜன்

கார் வெளியே வந்தபோது இருந்தது பெரும்பாலும் இதுதான். ஐ.நா.வின் 37-வது ஒழுங்குமுறை என்று இழைப் பல்புகளுக்கு ஒன்று உண்டு. உலகின் பெரும்பகுதி அதைப் பின்பற்றுகிறது. அதன்படி எச்7 என்றால் 55 வாட், 1500 லூமென். எச்4 என்றால் டிம்முக்கு 55 வாட்டில் 1000 லூமென், பிரைட்டுக்கு 60 வாட்டில் 1650. எச்11 என்றால் 1350. பத்து, பதினைந்து சதவீதம் ஏற்ற இறக்கத்துக்கு இடம் உண்டு, அவ்வளவுதான். இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். 'எச்7 ஹாலஜன், 3000 லூமென்' என்று எங்காவது போட்டிருந்தால் பெட்டியைத் திறக்காமலே வைத்துவிட்டு வரலாம்.

தரமான ஒரு நிறுவனத்தின் சாதாரணப் பல்பு சில நூறு மணி நேரம் எரியும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நான்கைந்து வருடம் எரிந்து கறுத்த பல்பைக் கழற்றிவிட்டுப் புது சாதாரணப் பல்பைப் போட்ட அன்றைக்கே 'அடடா, நல்லா இருக்கே' என்று தோன்றும். டங்ஸ்டன் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பழைய பல்பு நமக்குத் தெரியாமலே மங்கி வந்திருக்கும். உள்ளே இருக்கும் ஹாலஜன் வாயு ஆவியான டங்ஸ்டனைத் திரும்ப இழையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றாலும், போன இடத்திலேயே சேர்ப்பதில்லை. எங்காவது ஒரு இடம் மெலிந்து கடைசியில் அறுந்துவிடுகிறது.

கூடுதல் வெளிச்சம் தரும் ஹாலஜன்: இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்

100, 130, 150, 200 சதவீதம் என்று போட்டு வருபவை இவை. வாட் அதேதான். அதே 55 வாட்டில் இரண்டரை மடங்கு ஒளி எங்கிருந்து வரும்? வராது. மொத்த லூமென் மேலே சொன்ன எல்லைக்குள்தான் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி முத்திரை கிடைக்காது. அந்தச் சதவீதம், காருக்கு முன்னால் சுமார் 50 முதல் 75 மீட்டர் தூரத்தில் சில குறிப்பிட்ட புள்ளிகளில் விழும் ஒளியை, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது. உங்கள் பழைய பல்போடு ஒப்பிட்டது அல்ல. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இதைப் போட்டிருப்பார்கள்.

அப்படியானால் ஏமாற்று வேலையா? இல்லை, விஷயம் இருக்கிறது. இந்தப் பல்புகளில் இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, அதிக சூட்டில் எரிய விடுகிறார்கள். ஒளி பிறக்கும் இடம் சின்னதாகி, பிரகாசமாகிறது. இடம் சின்னதானால் ரிஃப்ளெக்டர் அதைச் சிதறாமல் தூரத்துக்கு எறியும். சிலவற்றில் செனான் வாயுவை அழுத்தமாக நிரப்புவார்கள், குடுவையில் அங்கங்கே மெல்லிய நீலப் பட்டை பூசியிருக்கும். ஓட்டுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்றால், கார் மூக்கடியில் பெரிய மாற்றம் தெரியாது. டிம் எட்டும் தூரத்தின் கடைசியில், சாலை ஓரத்தில் நடந்து போகிறவர் கொஞ்சம் முன்கூட்டியே தென்படுவார். இரவுப் பயணத்தில் நமக்கு வேண்டியது அந்தக் 'கொஞ்சம் முன்கூட்டி'தான்.

இதற்கு விலை, ஆயுள். வோல்ட் 5 சதவீதம் ஏறினால் ஒளி 18 சதவீதம் ஏறும், ஆயுளோ பாதியாகும் என்பது இழைப் பல்புகளின் பொதுவான கணக்கு. இழையைச் சூடாக எரிய விடுவதும் கிட்டத்தட்ட அதே வியாபாரம்தான். உச்சத்தில் இருக்கும் 150, 200 சதவீதப் பல்புகள் 150 முதல் 250 மணி நேரத்தில் போய்விடுவது சாதாரணம். தினம் ஒரு மணி நேரம் இரவில் ஓட்டுகிறவருக்கு ஐந்து முதல் எட்டு மாதம் வரும். பகலிலும் ஹெட்லைட்டே எரியும்படி இருக்கிற காராக இருந்தால் அதைவிடச் சீக்கிரம் கைவிடும். எனக்கு முதல் ஜோடி போனபோது வாரன்டியைப் பார்க்க ஓடினேன். பெட்டியிலேயே மணிக்கணக்கு போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இதனால் என் ஓட்டு நடுவில் இருக்கும் 100 முதல் 130 சதவீத ரகத்துக்கு. உச்ச ரகத்தோடு ஒப்பிட்டால் சாலையில் தெரியும் வித்தியாசம் சிறியது, ஆயுளில் வித்தியாசம் பெரியது.

நீண்ட ஆயுள் ரகம்

மேலே சொன்னதைத் திருப்பிப் போட்டால் இது. இழை தடிமன், சூடு குறைவு, நிறம் கொஞ்சம் மஞ்சள், தூரம் கொஞ்சம் குறைவு, ஆயுள் ஆயிரம் மணி நேரத்துக்கு மேலே. சில கார்களில் பல்பு மாற்ற பேட்டரியைக் கழற்ற வேண்டும், சிலவற்றில் பம்பரையே. அப்படிப்பட்ட காரை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் தெருவிளக்கு உள்ள சாலையில் ஓட்டுகிறவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

நீலம் பூசிய வெள்ளை ரகம்

கழற்றி வைத்த இரண்டில் ஒன்று இது. சாதாரண ஹாலஜனின் நிறம் சுமார் 3200 கெல்வின், இளமஞ்சள். இவை 4000, 5000 என்று வெள்ளையாகத் தெரியும். எப்படி? குடுவை முழுக்க நீல வடிகட்டி. வடிகட்டி எதையும் சேர்ப்பதில்லை, மஞ்சளையும் சிவப்பையும் விழுங்கிவிட்டு மீதியை அனுப்புகிறது. அதாவது காசு கொடுத்து ஒளியைக் குறைத்துக்கொள்கிறோம். கெல்வின் என்பது நிறத்தின் அளவு. அதை வெளிச்சத்தின் அளவு என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய, நானும் அப்படித்தான் வாங்கினேன். காய்ந்த சாலையில் நன்றாகவே இருந்தது. முதல் மழை இரவில் சாலை எங்கே, ஓரம் எங்கே என்று தெரியவில்லை. நனைந்த தார் ரோட்டில் ஒளி கண்ணாடியில் பட்டது போல முன்னோக்கி வழுக்கிப் போய்விடும், நம் கண்ணுக்குத் திரும்பி வருவது ஏற்கெனவே கொஞ்சம்தான். அதிலும் ஒரு பங்கை நீலப் பூச்சு எடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்?

மஞ்சள் நல்லதா என்று உடனே கேட்பார்கள். பிரான்ஸில் 1930-களிலிருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட் கட்டாயமாக இருந்தது, பிறகு விட்டுவிட்டார்கள். கண் கூசுவது குறைகிறது என்று சிலர் உணர்கிறார்கள், ஆனால் மஞ்சள் பூச்சும் வடிகட்டிதான். நிறத்துக்காக எதையும் பூச வேண்டாம் என்பதே என் கட்சி.

100/90 வாட்

வேண்டாம். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஓடுகிற ஒயரில் 100 வாட் என்றால் எட்டுக்கு மேல் ஓடும். கனெக்டர் உருகும், ஸ்விட்ச் கருகும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு உரியும். ரிலே (பேட்டரியிலிருந்து நேராக மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்) வைத்துத் தடித்த ஒயர் இழுத்தால் ஒயரிங் பிழைக்கும், ரிஃப்ளெக்டரின் சூடு அப்படியே இருக்கும். பல நாடுகளில் சாலையில் இதற்கு அனுமதியும் இல்லை. அதே ரிலேயையும் தடித்த ஒயரையும் போட்டு, 60/55 பல்புக்கு முழு வோல்ட் கிடைக்கச் செய்தாலே இதில் தேடுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

எல்.இ.டி.

இப்போது எல்லாரும் கேட்பது இதைத்தான். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வந்த கார் வேறு, அதில் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் எல்.இ.டி.க்காகவே செய்தவை. நாம் பேசுவது ஹாலஜன் ஹோல்டரில் செருகும் எல்.இ.டி. பல்பை.

இழை ஒரு குட்டி உருளை, சுற்றிலும் ஒளி விடும். எல்.இ.டி. என்பது ஒரு தட்டையின் இரண்டு பக்கத்தில் ஒட்டிய சில்லுகள். நடுவில் உள்ள தட்டை தடிமனாக இருந்தால் ஒளி பிறக்கும் இடமே மாறிப்போகிறது. ரிஃப்ளெக்டர் ஹெட்லைட்டில் இதன் விளைவு நேராகத் தெரியும்: டிம்மின் கோடு கலையும், மேலே ஒளி சிதறும், எதிரே வருகிறவர் பிரைட்டை அடித்து அடித்துக் காட்டுவார். நான் கழற்றிய இரண்டாவது இதுதான். ஒரே பயணத்தில் அத்தனை பேர் எனக்கு பிரைட் அடித்துக் காட்டியபோது, தப்பு அவர்கள் எல்லாரிடமும் இருக்க முடியாது என்று புரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஓட்டும்போது எனக்குப் பிரமாதமாகத் தெரிந்தது. காருக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று வெள்ளை. ஆனால் அருகில் வெளிச்சம் கூடினால் கண்ணின் பாவை சுருங்கும், தூரத்தில் இருட்டில் இருப்பது இன்னும் தெரியாமல் போகும். கண்ணுக்கு நிறைவாக இருப்பதும் தூரம் தெரிவதும் ஒன்றல்ல.

புரொஜெக்டர் உள்ள ஹெட்லைட்டில், அதாவது முன்னால் உருண்டைக் கண்ணாடி லென்ஸ் இருந்தால், கதை கொஞ்சம் மாறும். உள்ளே உள்ள தகடு மேல்கோட்டை வெட்டிவிடுவதால் எதிரே வருகிறவர் ஓரளவு தப்பிக்கிறார். அங்கும் ஒளி குவியும் இடம் பிசகினால் தூரம் குறையும். மற்றபடி, ஃபேன் நின்றால் சில்லு சூட்டில் மங்கும். பின்பக்கம் நீளமாக இருப்பதால் ரப்பர் மூடி மூடாமல் உள்ளே ஈரம் போகும். பல்பு போயிருக்கிறதா என்று கண்காணிக்கும் கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியும் அல்லது பல்பு சிமிட்டும். எஃப்.எம். ரேடியோ இரைவதும் உண்டு. பனி விழும் இடங்களில் முன்மூடியில் படிந்த பனியை உருக்கும் சூடு இதற்குக் கிடையாது.

அதற்காக இந்த ரகமே உருப்படாது என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் 2020-ல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்.இ.டி. பல்புக்குச் சாலையில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. ஆனால் எப்படி? கார் மாடல் வாரியாக, ஹெட்லைட் வாரியாகச் சோதித்து, பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும். இழையின் இடத்திலேயே, இழையின் அளவிலேயே ஒளி பிறக்கும்படி செய்து, அதையும் ஒவ்வொரு ஹெட்லைட்டில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் கார் அப்படியொரு பட்டியலில் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லாவிட்டால் பொறுங்கள்.

ஹாலஜன் ஹெட்லைட்டில் எச்.ஐ.டி. கிட் (இழைக்குப் பதில் வாயுவில் மின்வில் எரியும் செனான் விளக்கு) போடுவது இதே தப்பின் பெரிய அண்ணன். 35 வாட்டில் 3000 லூமெனுக்கு மேல், அதுவும் தவறான இடத்தில் பிறந்து. எரியத் தொடங்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கூடவே அந்த மின்சாரத்தைக் கொடுத்துக் கட்டுப்படுத்தும் பாலாஸ்ட் பெட்டி, கூடுதல் ஒயர். கம்பெனியிலேயே எச்.ஐ.டி. வந்த காருக்கு டி1எஸ், டி2எஸ் என்று அதே குறியீட்டில் அதே பல்பை வாங்குங்கள். டி2எஸ் இருந்த இடத்தில் டி4எஸ் போட முடியாது, ஒன்று 85 வோல்ட், இன்னொன்று 42.

சரி, யார் எதை வாங்குவது?

இருட்டு நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டுகிறவர், பல்பு மாற்ற எளிதான கார்: 100 முதல் 130 சதவீத ஹாலஜன். மாதம் ஒரு முறை இரவுப் பயணம் போகிறவர்: சாதாரணம் போதும், மிச்சக் காசில் முன்மூடியைப் பாலிஷ் பண்ணலாம். ஊருக்குள் மட்டும், பல்பு மாற்றுவது பெரும்பாடு: நீண்ட ஆயுள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வெள்ளை ரகங்களை இன்னும் ஒரு படி தள்ளியே வைக்கலாம். கண்ணின் லென்ஸ் வயதோடு ஒளியை அதிகம் சிதறடிக்கும், நீலம் கலந்த ஒளியில் கூசலும் கூடுதலாகத் தெரியும்.

எதை வாங்கினாலும் ஜோடியாகவே வாங்குங்கள். இரண்டும் ஒரே நாளில் போட்டவை, ஒன்று போனால் மற்றது வரிசையில் நிற்கிறது. இன்னும் எரிகிற பழையதைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள், என்றாவது நடுவழியில் கைகொடுக்கும். பல்பின் அடிப்பாகத்தில் வட்டத்துக்குள் 'E' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் மேலே சொன்ன ஒழுங்குமுறையின் முத்திரை. அமெரிக்க விதிப்படி வந்ததில் 'DOT' என்று இருக்கும்.

மாட்டும்போது கண்ணாடிக் குடுவையை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் படிந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி குவார்ட்ஸ் கெட்டுப்போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். எச்4-இல் மூன்று காதுகள் சம இடைவெளியில் இருக்காது, ஒரே வழியில்தான் உட்காரும். அழுத்தி உட்கார வைக்க வேண்டியிருந்தால் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கம்பி கிளிப் முழுக்கப் பூட்டியதா என்று கண்ணால் பார்க்க முடியாவிட்டால் மொபைலை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, பத்து மீட்டர் தள்ளி ஒரு சுவருக்கு எதிரே சமதரையில் நிறுத்தி டிம்மைப் போடுங்கள். இரண்டு பக்கத்துக் கோடும் ஒரே உயரத்தில், விளக்கின் மையத்தைவிடச் சுமார் பத்து சென்டிமீட்டர் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறியிருந்தால் திருகைத் தொடும் முன் அந்தப் பல்பைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பாருங்கள், பாதி நேரம் அது சரியாக உட்காராததுதான் காரணமாக இருக்கும்.